எட்டு நாற்பதுக்கு எழுதிய டிஸ்க்

டிஸ்க் எழுதும் அந்த வெள்ளை பர்னரைத் தேர்ந்தெடுத்தது நானில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஸ்கேன் சென்டரில் ஒன்பது வருடமாக டிஸ்க் எழுதுகிறவள் நான். ஆளை மிஷினுக்குள் படுக்கவைத்துப் படம் எடுப்பது டெக்னீஷியன் வேலை. எடுத்த படங்களை ஒரு டிஸ்க்கில் பதிந்து, உறையில் போட்டு, நோயாளியின் கையில் கொடுப்பது என் வேலை. எழுதி முடித்ததும் கறுப்பு மார்க்கரால் டிஸ்க்கின் மேலேயே பெயர், தேதி, எழுதி முடித்த நேரம் மூன்றையும் எழுதிவிடுவேன். ஒருமுறை ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே நாளில் வந்து, ஒருவர் மூளை இன்னொருவர் வீட்டுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து நேரம் எழுதாமல் ஒரு டிஸ்க்கையும் விட்டதில்லை. இப்போதெல்லாம் யோசிக்கவே வேண்டாம், கை தானாக எழுதும். நோயாளிகள் என்னை சிடிம்மா என்று கூப்பிடுவார்கள். நான் பார்க்காத எலும்பு ஊரில் கிடையாது என்று வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருந்தவள்தான்.

பழைய பர்னர் ஒரு திங்கட்கிழமை காலையில் தட்டை வெளியே நீட்டியது, அப்புறம் உள்ளே இழுக்கவே இல்லை. நாக்கைத் தள்ளிக்கொண்டு செத்துப்போனது. ஒன்பது வருடம் உழைத்த சாமான், அதைக் குறை சொல்ல மாட்டேன். புதிதாக என்ன வாங்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். எங்கள் ஸ்கேன் மென்பொருள் பிடிவாதம் பிடித்த ஜென்மம். அதன் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பதினொரு பர்னர்களின் பெயர் இருக்கிறது. அந்தப் பதினொன்றில் ஒன்றாக இருந்தால் பேசும், இல்லையென்றால் பர்னர் இருப்பதையே கண்டுகொள்ளாது. அந்தப் பட்டியலை நகலெடுத்து, தனி மின்சார வயர் உள்ளதாகப் பார்க்கவும் என்று சிவப்பு மையில் கோடு போட்டு, மச்சானிடம் கொடுத்தேன்.

மச்சான் எனக்கு மச்சான் இல்லை. சென்டர் முதலாளியான டாக்டரின் மனைவிக்குத் தம்பி. டாக்டர் எதற்கெடுத்தாலும் "மச்சான், இதப் பாத்துக்கோ" என்பார். கேட்டுக் கேட்டு, கூட்டுகிறவர் முதல் கணக்கெழுதுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் மச்சானாகிவிட்டார். முகத்துக்கு நேரே மட்டும் சார். சென்டருக்கு ஒரு குண்டூசி வாங்குவதென்றாலும் அவர் கையெழுத்து வேண்டும்.

என் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பர்னர்னா பர்னர்தானே. பர்னருக்கும் சாஃப்ட்வேருக்கும் என்ன பொண்ணு மாப்பிள்ளைப் பொருத்தமா பாக்கணும்?" என்றார்.

"பாக்கணும் சார். பாக்காம கட்டிவெச்சா ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்காது."

சிரித்தார். மறுநாள் ஒரு பர்னரோடு வந்தார். வெள்ளையாக, மெலிசாக, பவுடர் டப்பா மாதிரி அழகாக இருந்தது. தனி வயர் கிடையாது. பதினொன்றில் ஒன்றும் கிடையாது. பெட்டிக்குள்ளேயே ஒரு மென்பொருள் இலவசமாக வந்திருக்கிறது என்று அவருக்கு வாயெல்லாம் பல். ஸ்கேன் மென்பொருள் நான் சொன்ன மாதிரியே அந்த வெள்ளையப்பனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது பாக்கலேன்னா போகட்டும். படத்தையெல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு இந்த ஓசி சாஃப்ட்வேர்ல இழுத்துவிடுங்க" என்றார்.

அந்த ஓசி மென்பொருள் திறந்ததும் ஒரு கேள்வி கேட்கும். டிஸ்க்கைப் பென்டிரைவ் மாதிரிப் பயன்படுத்தப் போகிறாயா, வேறு கருவிகளில் போட்டுப் பார்க்கப் போகிறாயா என்று. இரண்டாவதைத் தேர்ந்தால் எழுதி முடித்து டிஸ்க்கை மூடிவிடும். முதலாவதைத் தேர்ந்தால் மூடாது. இன்னும் எழுத வருவாய் என்று திறந்தே வைத்திருக்கும். எழுதிய கம்ப்யூட்டரில் படம் தெரியும். வேறு இடத்தில் போட்டால் வெறும் டிஸ்க் என்று சொல்லும். மச்சான் முதலாவதைத்தான் பிடித்துக்கொண்டார். தப்பாக எழுதினால் அழித்துவிட்டு அதே டிஸ்க்கில் எழுதலாமாம், டிஸ்க் வீணாகாதாம்.

"சார், வெளிய திறக்காது" என்றேன்.

"ஒம்பது வருஷமா நீங்க எழுதிக் கிழிச்சது போதும்" என்றார்.

நான் இரண்டு நாள் அவருக்குத் தெரியாமல் மாற்றி எழுதினேன். மூன்றாம் நாள் பார்த்துவிட்டார். கத்தினார். ஒரு தாளில், "இந்த அமைப்பை யாரும் மாற்றக் கூடாது. மீறினால் நடவடிக்கை" என்று அச்சடித்து, கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, திரைக்கு மேலே சுவரில் ஒட்டினார். தினம் சாயங்காலம் வந்து அமைப்பு அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னபடியே எழுதினேன். என் தப்பு அதுதான், ஒத்துக்கொள்கிறேன். பயந்தேன்.

எட்டாம் நாள் ஒரு அம்மா வந்தார். அவர் தம்பி லாரி ஓட்டுகிறவர், தலையில் அடிபட்டு எங்களிடம் ஸ்கேன் எடுத்தவர். என் முன்னால் நின்று மூச்சு வாங்கினார். "அஞ்சு மணி நேரம் பஸ்ல, மடியில படுக்கவெச்சுக் கூட்டிட்டுப் போனேன். அங்க டாக்டர் போட்டுப் பாத்துட்டு இதுல ஒண்ணுமே இல்லங்கறார். வெறும் தட்டக் குடுத்து அனுப்பறியே, நீயெல்லாம் மனுஷியா?" டிஸ்க்கை என் நெஞ்சில் விட்டெறிந்தார். கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். நான் குனிந்து டிஸ்க்கை எடுத்தேன்.

டாக்டரின் அறையில் விசாரணை. மச்சான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன். "பர்னர் புதுசு, சாஃப்ட்வேர் புதுசு அத்தான். பழசு இவங்க மட்டும்தான். புதுசு இவங்களுக்குப் பிடிபடல" என்றார். பட்டியலைக் கொடுத்தேனே என்றேன். எந்தப் பட்டியல் என்றார். அந்த நொடியில் அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, மூணு மாசம் டோக்கன்ல இருங்க, அப்புறம் உங்கள வெச்சுக்கறதா வேண்டாமான்னு பாக்கலாம் என்றார். கோப்பில் ஒரு மெமோவும் ஏறியது. 'டிஸ்க் எழுதத் தெரியாதவர்.' ஒன்பது வருடத்துக்கு மூன்று சொல். அந்த மூன்று சொல்லையும் மச்சான் வாயாலேயே திரும்ப எடுக்கவைக்காமல் இந்த வேலையை விட்டுப் போவதில்லை என்று அன்று கறுவிக்கொண்டேன்.

வீட்டில் என் கணவர் பஸ் ஓட்டுகிறவர், சமாதானப் பிரியர். "விட்டுத் தள்ளு. டோக்கன் குடுக்கறதும் உக்காந்து பாக்கற வேலைதானே" என்றார்.

"உங்கள ஸ்டியரிங்லேர்ந்து இறக்கி, பஸ் ஓட்டத் தெரியாதவன்னு முதுகுல எழுதி ஒட்டி, டிக்கெட் கிழிக்க விட்டா தெரியும்" என்றேன்.

 அவர் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்.

என் நாற்காலியில் டெக்னீஷியனையே கூடுதலாக உட்காரவைத்தார்கள். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆமாசார். மச்சான் எது சொன்னாலும் "ஆமா சார்" என்பார்; அந்தத் தலை மறைந்ததும் அமைப்பை மாற்றி, டிஸ்க்கை மூடி எழுதிவிட்டு, சாயங்காலம் நாலரைக்குப் பழையபடி வைத்துவிடுவார். எப்படி மாற்றுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். டிஸ்க்கெல்லாம் எங்கே போட்டாலும் திறந்தது. மச்சான் கூடத்தின் நடுவில் நின்று, "பாத்தீங்களா, ஆள மாத்தினதும் எல்லாம் சரியாப்போச்சு" என்று என் காதில் விழும்படி சொன்னார்.  ஆமாசாரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு சிடிம்மா" என்றார். இதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

இரண்டரை மாதம் டோக்கன் கிழித்தேன். நெஞ்சில் விழுந்த அந்த டிஸ்க் என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. தினம் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

அப்போதுதான் மச்சானின் மனைவிக்கு முதுகு. ஆறு மாதமாக வலியாம், இடது கால் வேறு மரத்துப்போகிறதாம். இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு டாக்டர் ஒருவர். அவரைப் பார்க்கத் தேதி கிடைக்கவே பத்து வாரம் ஆனது. டிஸ்க் இல்லாமல் யாரையும் பார்க்க மாட்டார், மெயிலில் அனுப்பினாலும் தொட மாட்டார். புதன்கிழமை சாயங்காலம் எங்கள் சென்டரில் ஸ்கேன், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவரிடம். டிஸ்க்கைக் காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள், அன்று பார்த்து ஆமாசார் பல் பிடுங்க லீவு.

எட்டு மணிக்கு மச்சான் டோக்கன் மேசைக்கு வந்து நின்றார். "ஒரு டிஸ்க் எழுதணும். வாங்க" என்றார்.

எழுந்தேன். உள்ளே போய் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவரில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. ஓசி மென்பொருள் திறந்து அதே கேள்வியைக் கேட்டது.

"எதுல எழுதட்டும் சார்? மாத்தி எழுதணுமா, இருக்கறபடியேவா?"

"மாத்தறதா? உங்களுக்கு இன்னும் அந்தப் புத்தி போகலியா? என்ன ஒட்டியிருக்கு மேல? படிக்கத் தெரியும்ல?"

"தெரியும் சார். சத்தியமா இருக்கறபடியேவா?"

"இருக்கறபடியே!"

வாய் இனித்தது எனக்கு. அவர் சொன்னபடியே எழுதினேன். அதே கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன், படமெல்லாம் ஜோராக வந்தது. பெயர், தேதி, எட்டு இருபத்தைந்து என்று எழுதி உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க டாக்டரின் அறைக்குப் போனார். போன கையோடு நான் இன்னொரு டிஸ்க்கைப் போட்டேன். அமைப்பை மாற்றினேன். மூடி எழுதினேன். டோக்கன் மேசையில் இருக்கும் கிழட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், திறந்தது. அதை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். திட்டம் மனதில் தெளிவாக இருந்தது. பெரிய டாக்டரின் முன்னால் அந்த ஆளின் முகத்தில் ஈயாடக் கூடாது. திரும்பி வரும்போது நல்ல டிஸ்க்கை எடுத்து, இந்தாங்க சார், எழுதத் தெரியாதவ எழுதினது என்று நீட்ட வேண்டும்.

வெளியே பெஞ்சில் அவர் மனைவி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரி. சென்டருக்கு எப்போது வந்தாலும் என் மகளின் படிப்பை விசாரிப்பவர். நான் இழுப்பறையைப் பூட்டிவிட்டுத் திரும்பும்போது கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த டிஸ்க் அங்க திறக்கும்ல? போன தடவ யாருக்கோ திறக்கலேன்னு சொன்னாங்களே."

சாவி என் கையில் இருந்தது. "இங்க நல்லாத் திறந்துச்சுக்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். மச்சான் வந்து கைத்தாங்கலாக அழைத்துப்போனார்.

பதினொன்றே காலுக்கு டாக்டரின் அறையில் போன் அலறியது. கொஞ்ச நேரத்தில் டாக்டரே போனோடு கூடத்துக்கு வந்துவிட்டார். ஸ்பீக்கரில் மச்சானின் குரல். "வேணும்னே பண்ணியிருக்கா அத்தான்! வெறும் டிஸ்க்! மூணு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டோம். அவள இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க!"

"சார், சுவத்துல இருக்கறதப் படிங்க" என்றேன் டாக்டரிடம்.

இரண்டரை மாதத்தில் அவர் அந்தத் தாளை முதல்முறையாகப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். நான் கைப்பையிலிருந்து லாரிக்காரரின் டிஸ்க்கை எடுத்தேன். கிழட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். வெறும் டிஸ்க் என்றது. எடுத்துக்கொண்டு உள்ளே போய் வெள்ளையப்பனின் வாயில் வைத்து, 'மூடு' என்பதை அழுத்தினேன். இரண்டு நிமிடம் கரகரத்தது. மறுபடி கிழட்டில் போட்டேன். மண்டையோடும் மூளையும் வரிசையாக வந்து நின்றன.

"எல்லாம் இதுலயே இருந்துச்சு சார். அன்னிக்கும் இருந்துச்சு. எழுதத் தெரியாம இல்ல, மூட விடல."

 போனில் "அத்தான், அத்தான்" என்று கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் என்னிடம் பட்டியல் இருக்கிறதா என்றார். இருக்கிறது, இப்போதும் இருக்கிறது, பத்து நகல் வைத்திருக்கிறேன் என்றேன். ஒரு நகலைப் படம் பிடித்து மச்சானுக்கு அனுப்பினார். "வர்ற வழியில இவங்க சொல்றத வாங்கிட்டு வா. இவங்க சரின்னு சொல்றவரைக்கும் கடைய விட்டு நகராத" என்றார். இதைவிட என்ன வேண்டும் எனக்கு?

மூன்று மணிக்கு மச்சான் கடையிலிருந்து கூப்பிட்டார். குரல் தேய்ந்திருந்தது. கடைக்காரர் ஏழு பெட்டிகளை எடுத்து வைத்திருக்கிறாராம். "ஒவ்வொண்ணாப் படிங்க சார். பெட்டிக்குப் பின்னாடி சின்ன எழுத்துல இருக்கும், மாடல் எண்" என்றேன். படித்தார். இரண்டாவது பெட்டியிலேயே சரியான ஆள் கிடைத்துவிட்டது. பட்டியலில் நாலாவது பெயர், தனி வயர், ஸ்கேன் மென்பொருளுக்குக் கச்சிதம். சொன்னேனா? சொல்லவில்லை. "அடுத்தது படிங்க சார்" என்றேன். மூன்றாவது, நாலாவது. "சாஃப்ட்வேர் எந்த வெர்ஷன்னு போட்டிருக்கும் பாருங்க. தெரியலையா? கண்ணாடி போட்டுக்கோங்க." ஐந்தாவதைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். நடுவில் டோக்கனுக்கு ஆள் வந்தது, "கொஞ்சம் இருங்க சார்" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆறு பேருக்கு டோக்கன் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில், "அந்த ரெண்டாவதயே வாங்கிடுங்க சார். அதுவும் பொருத்தம் பாக்கணும்ல?" என்றேன்.  இரண்டரை மாதத்தில் அன்றுதான் சிரித்தேன், மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஐந்தரைக்கு வந்தார்கள். மச்சான் பெட்டியை என் மேசையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மெமோவ எடுக்கச் சொல்லிடறேன். நாளைலேர்ந்து உள்ள உக்காருங்க" என்று முனகினார். சத்தமாகச் சொல்லுங்க சார் என்றேன். சத்தமாகச் சொன்னார், கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் உள்ளேயிருந்து கூப்பிட, தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அவர் மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து மெதுவாக வந்தார். காலையில் சாய்ந்தாவது உட்கார்ந்திருந்தார். இப்போது உட்காரவே முடியவில்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"கடை வாசல்ல கார்லயே ஒரு மணி நேரம் படுத்திருந்தேன்மா. கால நீட்ட முடியல. அவரு போன்லயே நின்னுட்டிருந்தாரு" என்றார்.

கார். கடை வாசலில் காருக்குள் ஒருவர் இருப்பார் என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை. காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைத்தான் செய்தேன். இழுப்பறையைத் திறந்து நல்ல டிஸ்க்கை எடுத்து நீட்டினேன். "இது எங்க போட்டாலும் திறக்கும்க்கா."

வாங்கினார். திருப்பிப் பார்த்தார். கைப்பையிலிருந்து பழைய டிஸ்க்கை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். ஒரே கையெழுத்து. பெயர், தேதி. எட்டு இருபத்தைந்து. எட்டு நாற்பது.

"நான் உன்னக் கேட்டப்ப எட்டே முக்கால் இருக்கும்ல?" என்றார்.

நான் இழுப்பறையைத் தள்ளி மூடினேன்.

"அப்ப இது உன்கிட்ட இருந்துச்சு."

"இருந்துச்சுக்கா."

"அவரு மூக்க உடைக்கணும்னா உடைச்சுக்கோ. நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்? வீட்ல நானும் அவரோடதான் குடும்பம் நடத்தறேன். நடுவுல என் முதுகு எதுக்கும்மா?"

"அத நான் யோசிக்கலக்கா."

"யோசிக்காமலா மணி எழுதிவெச்சிருக்க?"

கத்தவில்லை. லாரிக்காரரின் அக்கா மாதிரி விட்டெறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், குனிந்து எடுத்திருப்பேன். அடுத்த தேதி எப்போது என்று கேட்டேன். இன்னும் ஒன்பது வாரம் என்றார். நல்ல டிஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டு, மற்றதை என் மேசையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனார். எழுந்து போய்த் தாங்கிப் பிடித்திருக்கலாம். போகவில்லை.

மறுநாள் புது பர்னரை மாட்டினேன். ஸ்கேன் மென்பொருள் முதல் தட்டிலேயே அதைக் கண்டுகொண்டது. சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன், நான்காகக் கிழித்தேன், எட்டாகவும் கிழித்தேன். மச்சான் வாசலோடு வந்து வாசலோடு போனார். அந்த ஆள் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு துளி குறையவில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

எட்டு இருபத்தைந்து டிஸ்க் மேசையில் கிடந்தது. எடுத்துப் போட்டு மூடினேன். ஒன்பது வருடத்தில் திறக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன், படத்தைப் பார்த்ததில்லை. அன்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கீழ்முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. எனக்கே தெரிந்தது, அவ்வளவு தெளிவாக இருந்தது.